உள்ளூர்க்காரர் இருவர் தேவை

1

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலரில் ‘கடல் கடந்த நம்மவர்’ என்று ஒரு பகுதி வருகிறதல்லவா, அதற்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். போன மலரில் டொராண்டோவிலிருந்து ஒருவர் பனியைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு முந்தினதில் துபாயிலிருந்து ஒருவர் வெயிலைப் பற்றி. நான் இருப்பது திருவனந்தபுரத்தில். சங்கரன்கோவிலில் காலையில் இட்லி தின்றுவிட்டு பஸ் ஏறினால், சற்றே தாமதமான மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். கடல் சங்குமுகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கரையில் உட்கார்ந்து நிலக்கடலை தின்பேனே தவிர, ஒரு நாளும் கடந்ததில்லை.

மலர்க் குழுவில் இதைப் பற்றி விவாதமே நடந்ததாம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவனெல்லாம் வெளிநாட்டுக்காரனா என்று ஒருவர் கேட்டாராம். நான் ஆதாரங்களை எழுதி அனுப்பினேன். இங்கே வந்து இந்த ஆனியோடு முப்பது வருஷம் ஆகிறது, இன்னமும் என்னைப் ‘பாண்டி’ என்றுதான், அதாவது தமிழ்நாட்டான் என்றுதான், கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் கேட்டால் என் மகள் மலையாளத்தில் பதில் சொல்கிறாள். ஊருக்கு வந்தால் ‘போதும்’ என்பதற்கு ‘மதி’ என்று வாய் தவறிச் சொல்லி, என் தம்பி பெண்டாட்டியிடம் கேலி வாங்குகிறேன். இதற்கு மேல் என்ன கடல் வேண்டும்? குழு ஏற்றுக்கொண்டது.

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் அந்நியனாக இருப்பதில் நல்ல வசதி உண்டு. ஊர்க் கோயில் கொடைக்கு வரி கேட்டு நீங்கள் போன் செய்தால், “நான் இப்ப கேரளாக்காரன்லா” என்பேன். இங்கே தெருக்காரர்கள் ஓடை தூர்வாரக் கூப்பிட்டால், “ஞான் வெளியூர்க்காரனல்லே”, வெளியூர்க்காரன்தானே, என்பேன். முப்பது வருஷம் இந்த வசதியை அனுபவித்தேன். அது என் கையை விட்டுப் போன கதைதான் இது. இதில் பார்லிமென்ட் வருகிறது, சிறைச்சாலை வருகிறது, சப்பாத்தியும் வருகிறது.

2

நான் ஆறுமுகம். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மாமாவின் கடைக்கு ஆளாக வந்தவன், மாமா காலத்துக்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கடை கயிற்றுக்கடை சுகுமாரனுடையது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்த அன்று, “பாண்டி எவிடுந்நா?” என்று எந்த ஊரிலிருந்து வருகிறேன் எனக் கேட்டு டீ வாங்கித் தந்தவர் அவர். முப்பது வருஷமாக ஒருவருக்கொருவர் டீ வாங்கித் தருகிறோம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம்.

இந்த ஊரில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் வீட்டுப் பேர் கேட்பார்கள். வீடு என்றால் அதற்கொரு பேர் இருந்தாக வேண்டும், அது ஆளுடைய பேரோடு ஒட்டிக்கொண்டு வரும். நம் பக்கத்தில் வீட்டுக்குக் கதவு எண்தான் உண்டு. ரேஷன் கார்டு எழுத வந்த கிளார்க், வீட்டுப் பேர் இல்லாத மனிதனுக்குக் கார்டு தர வழியில்லை என்று சொல்லிவிட்டு, என் தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பார்த்து ‘முளகுகட வீடு’ என்று எழுதிக்கொண்டார். மிளகாய்க்கு இங்கே முளகு என்று பேர். அன்றிலிருந்து அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் முளகுகட வீட்டில் ஆறுமுகம். ஆதார், மின்சார ரசீது, மகளின் காலேஜ் சர்டிபிகேட் எல்லாவற்றிலும் காரம் அடிக்கிறது.

கோர்ட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைக்கு மேல்மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ் இருந்தது. ஒரு நாள் ஏதோ கேஸில் தமிழ்ச் சாட்சி ஒருவர் பேசுவதை மொழிபெயர்க்க வர வேண்டியவர் வரவில்லை. வக்கீல் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். மிளகாய்த் தூசி படிந்த சட்டையோடு போய் நின்றேன், நீதிபதி இரண்டு முறை தும்மினார், நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அதன் பிறகு தமிழ் ஆள் யாராவது கூண்டில் ஏறினால் எனக்குப் போன் வரும். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்ய வேண்டும். வியாபாரத்தில் பழைய சரக்கைப் புதுச் சரக்கு என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஒரு சொல் மாற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

3

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறையிலிருந்து போன் வந்தது. எந்தச் சிறை என்று எழுத மாட்டேன், அங்கே எனக்கு இன்னமும் வேலை வரும். டில்லியிலிருந்து பார்லிமென்ட் கமிட்டி ஒன்று வருகிறது, விசாரணைக் கைதிகளுக்கு நியாயம் எப்படிக் கிடைக்கிறது என்று நேரில் ஆராயப் போகிறது, கைதிகளில் சில தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். என் இங்கிலீஷ் பி.காம். இங்கிலீஷ். அது போதும் என்றார்கள்.

பயணத் திட்டம் என்று மூன்று பக்கக் காகிதம் தந்தார்கள். விமான நிலைய வரவேற்பு, விருந்தினர் மாளிகை, கோயில் தரிசனம், கைத்தறி வாங்குதல், பொன்முடி மலை, வழியில் கல்லாற்றில் தேநீர் என்று விவரமாக இருந்தது. சிறை எங்கே என்று தேடினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் இருந்தது. நாற்பது நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷத்துக்கு அவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நான் போனபோது சுவரில் வெள்ளை இன்னும் காயவில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டிகள், சிலவற்றில் நர்சரிக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. குடிநீர் வடிகட்டும் மெஷினுக்கு மேல் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் பளபளத்தது. பேசப் போகும் கைதிகள் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து சவரம் செய்து உட்கார வைத்திருந்தார்கள். ஓர் அதிகாரி அவர்களிடம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கமிட்டி வந்தது. தலைவர் வெள்ளை வேட்டி மாதிரித் தெரிந்த ஏதோ வடக்கத்தி உடையில், நல்ல முகத்தோடு இருந்தார். சுவரில் கை வைத்தார், கை வெள்ளையானது. அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்து சமையல்கட்டு. இந்த ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிறையில் செய்து வாசலில் விற்கும் சப்பாத்திக்கு இங்கே தனி மவுசு. கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒன்று தின்றார்கள், சிலர் இரண்டு. எப்படி இவ்வளவு மிருதுவாக வருகிறது என்று ஓர் அம்மா விரிவாக விசாரித்தார். மாவு பிசையும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று பதில் கிடைத்தது. செயலாளர் அதை எழுதிக்கொண்டார். நாற்பதில் இருபத்தைந்து நிமிஷம் இப்படிப் போனது.

4

தமிழ் ஆட்களில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர் இசக்கிமுத்து. முப்பத்தைந்து வயதிருக்கும். நான் தமிழில் பேர் கேட்டதுமே, “அண்ணாச்சிக்குச் சங்கரன்கோவில் பக்கமா?” என்றார். அவர் புளியங்குடி. ரோடு போடும் கும்பலோடு வந்தவர். ரோடு ரோலரின் பேட்டரி ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது. போலீஸ் வந்தபோது கும்பல் அடுத்த ரோட்டுக்குப் போய்விட்டது, காய்ச்சலோடு ஷெட்டில் படுத்திருந்தவர் இவர் ஒருவர்தான். எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது கோர்ட் சொல்ல வேண்டியது, கோர்ட் இன்னும் அந்தக் கேஸை ஆரம்பிக்கவே இல்லை.

தலைவர் என் மூலமாகச் சாப்பாடு எப்படி என்று கேட்டார். இசக்கிமுத்து சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

“ஜாமீன் கெடச்சு ஒரு வருசம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும்னு ஆர்டரு. எங்க அக்கா பட்டாவ எடுத்துக்கிட்டு வந்தா, அது தமிழ்நாட்டு நெலம், செல்லாதுன்னுட்டாங்க. வெளிய எனக்கு ஒருத்தரயும் தெரியாது. உள்ள எல்லாரயும் தெரியும். உள்ள இருக்கவன் கையெழுத்து செல்லாதாம்.”

நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னபோது அங்கத்தினர் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு சிரிக்கக் கூடாது என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஜாமீன் கிடைத்த மனிதன் ஏன் இங்கே இருக்கிறான் என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி, ஆர்டரில் உள்ள நிபந்தனை நிறைவேறவில்லை என்றார். நிறைவேற என்ன வேண்டும் என்று கேட்டார் தலைவர். இந்த ஜில்லாவில் நிலம் வைத்து வரி கட்டுகிற இரண்டு பேர் வேண்டும், வேறொன்றும் இல்லை என்றார் அதிகாரி.

தலைவர், இந்த ஊரில் வசதியாக இருக்கும் தமிழர்கள் எத்தனையோ பேர் உண்டே, அவர்களில் ஒருவர் கூடவா முன்வர மாட்டார் என்று கேட்டார். கேட்கும்போது அவர் இசக்கிமுத்துவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

எனக்குக் கரமனைப் பக்கம் ஐந்து சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும் உண்டு. வருஷா வருஷம் கரம் என்கிற நிலவரியைக் கட்டி ரசீதை டிரங்குப் பெட்டியில் வைக்கிறேன். தலைவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவனுக்குச் சொந்த வாய் கிடையாது என்பது தொழில் வழக்கம். அந்த வழக்கத்துக்குள் புகுந்துகொண்டேன். கேள்வியைத் தமிழாக்கி இசக்கிமுத்துவிடமே திருப்பிவிட்டேன். இந்த ஊர்த் தமிழர்களில் ஒருத்தர் கூடவா வர மாட்டார் என்று ஐயா கேட்கிறார் என்றேன்.

இசக்கிமுத்து என் முகத்தையே பார்த்தார்.

“அத நீங்கல்லா சொல்லணும் அண்ணாச்சி.”

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிச் சொன்னார். எல்லாரும் இங்கிலீஷுக்காகக் காத்திருந்தார்கள். செயலாளரின் பேனா காகிதத்தில் நின்றது.

தனக்குத் தெரியாது என்கிறார், என்றேன்.

அத்தனை வருஷத் தொழிலில் நான் மாற்றிச் சொன்ன ஒரே வரி அதுதான். பேனா அதை எழுதிக்கொண்டது. நாற்பது நிமிஷம் முடிந்தது.

5

மரியாதைக்காக என்னையும் கடைசிக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் யாராவது தமிழ் பேசிவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையாக இருக்கலாம். கல்லாற்றில் வண்டிகள் நின்றன. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டார். பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியும் டீயும் வந்தன. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். ஐயா, அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சிறு திருத்தம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்து, உங்கள் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, அந்த மனிதனுடைய கதை மனதைத் தொட்டது, அறிக்கையில் கட்டாயம் வரும் என்றார். பிறகு இந்த ஆற்றில் முதலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலையைப் பற்றிய அந்தப் பதில் சரியானது. திருத்தத்தை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் பொன்முடியில் மூடுபனி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

6

அறிக்கை வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் என் மகள் நித்யா சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், நாக்குதான் மலையாளம். சின்ன வயதில் திருக்குறள் மனப்பாடம் செய்ய வைத்தேன், மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் படித்து ஒப்பித்தாள். நிற்க.

நான் தம்பானூரில் இறங்கிய தேதியில் ஒவ்வொரு வருஷமும் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி வைப்பது வழக்கம். இந்த ஆனியில் முப்பதாவது வருஷம். செல்விக்குக் கால்வலி. சொதி வேண்டாம், ஞான் எந்தெங்கிலும் வாங்கிக் கொண்டுவராம் என்று, ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லிப் போன நித்யா, சிறை வாசலில் விற்கும் சப்பாத்திப் பொட்டலத்தோடு வந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் போனை எடுத்து எதையோ படித்தாள். காலேஜில் அந்தக் கமிட்டி அறிக்கையைப் படித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“அப்பா, ஒரு காரியம் கேக்கட்டே? இது அப்பா ட்ரான்ஸ்லேட் செய்ததல்லே?”

படித்துக் காட்டினாள். சமையல்கட்டைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சப்பாத்தியின் தரம் குறித்துக் குழு தன் திருப்தியைப் பதிவு செய்கிறதாம், வெதுவெதுப்பான தண்ணீர் முறையை மற்ற மாநிலங்களும் பரிசீலிக்கலாமாம். அதற்கு அடுத்த பத்தியில் இசக்கிமுத்து இருந்தார், பேர் இல்லாமல். ஜாமீன் கிடைத்தும் வெளிவர முடியாத ஒரு கைதியைக் குழு சந்தித்தது. பிணை நிற்க முன்வரக்கூடியவர் யார் என்பது அந்தக் கைதிக்குத் தெரியவில்லை என்று குழு அறிகிறது. ஆகவே கைதிகளிடையே விழிப்புணர்வுக் குறைவு நிலவுவதாகக் குழு கருதுகிறது. ஜாமீன் பற்றிய அறிவிப்புப் பலகைகளை அவரவர் தாய்மொழியில் வைக்குமாறு பரிந்துரைக்கிறது. கீழே அரசின் பதில் இருந்தது. பரிந்துரை ஏற்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.

நான் சப்பாத்தியைப் பிய்த்தபடி இருந்தேன்.

“அயாள் அறியில்லன்னுதான் சொன்னாரா அப்பா?” என்று கேட்டாள், அந்த ஆள் தெரியாது என்றுதான் சொன்னாரா என்று. எத்தனையோ பேர் சொன்னதை நான் இங்கிலீஷாக்கியிருக்கிறேன், அவள் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னேன். அவன் ஓடிப்போனால் கோர்ட் நம் வீட்டுக்கு வரும், ஐந்து சென்ட்டுக்கு வில்லங்கம் வரும், உன் கல்யாணம் இருக்கிறது, நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கேன் இந்த வேலை என்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன். காரணங்களுக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை. அவள் சண்டை போடவில்லை. இந்தப் பொட்டலத்துச் சப்பாத்தியை உருட்டினது அவராகவும் இருக்கலாம் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் தட்டைக் கழுவப் போனாள். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

7

பத்து நாளில் சிறையிலிருந்து மறுபடியும் போன். பரிந்துரைப்படி அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறார்களாம், மலையாளமும் இங்கிலீஷும் இந்தியும் தயார், தமிழ் வாசகம் எழுதித் தர வேண்டுமாம். போனேன். குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன, செடிகள் இல்லை. மெஷின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, அதற்குள் பல்லி ஒன்று குடியிருந்தது.

பலகை பெரியது, நல்ல தேக்குச் சட்டம். அதன் முன்னால் பெயின்ட் டப்பாவோடு குந்தியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தலையில் நரை கூடியிருந்தது.

“வாங்க அண்ணாச்சி,” என்றார் இசக்கிமுத்து. ஏதோ அவர் கடைக்கு நான் போனது போல.

தமிழ் எழுத்து அழகாக எழுதுவார் என்று அந்த வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். நான் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும், அவர் பென்சிலால் எழுதிக்கொண்டு பிறகு பெயின்ட் பூச வேண்டும். ஜாமீன் என்பது உங்கள் உரிமை என்றேன், எழுதினார். பிணையாளர் கிடைக்காதவர்கள் தகுந்த உள்ளூர் நபர்களை அணுகலாம் என்றேன், எழுதினார். அணுகலாம் என்பதற்கு இரண்டு சுழி ‘ன’னாவா மூன்று சுழி ‘ண’னாவா என்று கேட்டார். மூன்று சுழி என்றேன்.

நான் அன்று சொன்ன பொய் வளர்ந்து அறிக்கையாகி, அறிக்கை பரிந்துரையாகி, பரிந்துரை தேக்குச் சட்டத்தில் வந்து நின்றது. அதை எழுதுகிற கூலியில்லா வேலை கடைசியில் இவருக்கே வந்து வாய்த்திருந்தது. அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார்.

“தெரியும் அண்ணாச்சி. அத இங்கிலீசுல சொல்லும்போது நீங்க என் மொகத்தப் பாக்கல. பயந்திருப்பீக. ஊர்ப்பக்கத்து ஆளு, பயப்படாம என்ன செய்வீக?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்னொரு வருஷம் ஓட்டியிருப்பேன். என் சார்பில் அவரே காரணம் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

8

கடைக்கு வந்ததும் சுகுமாரனிடம் டீக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னேன். நான் ஒரு கையெழுத்து, இன்னொன்றுக்கு ஆள் வேண்டும், யாரைக் கேட்பது என்று யோசனைதான் கேட்டேன். அவருக்கு நேமத்தில் பத்து சென்ட் உண்டு. ஆளைப் பார்த்ததில்லை, கேஸ் தெரியாது, பாஷையும் தெரியாது.

“பாண்டி ஒப்பிடுந்நுண்டெங்கில் ஞானும் ஒப்பிடாம்,” என்று சொல்லிவிட்டு, டீயில் சர்க்கரை குறைவு என்று கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். நான் போட்டால் அவரும் போடுவாராம். எனக்கு இரண்டு வருஷம் எடுத்த முடிவு அவருக்கு அரை கிளாஸ் டீயில் முடிந்தது. இரண்டு வருஷமாக இசக்கிமுத்துவுக்கும் விடுதலைக்கும் நடுவில் நின்றது சட்டமா, கயிற்றுக்கடைக்காரரிடம் நான் வாயைத் திறக்காததா என்று நீங்களே சொல்லுங்கள்.

வில்லேஜ் ஆபீஸில் நிலத்துக்குச் சர்டிபிகேட் வாங்க நான்கு நடை. முதல் நடையில் ஆபீஸர் இல்லை. இரண்டாவதில் நெட் இல்லை. மூன்றாவதில், கரம் ரசீதில் ‘முளகுகட வீடு’, பத்திரத்தில் ‘முளகுகட ஹவுஸ்’, இரண்டும் ஒரே வீடு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். இரண்டும் ஒரே வீடுதான் என்று ஒரு சத்தியக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான்காவது நடைக்கு நித்யா கூட வந்து மலையாளத்தில் நாலு சட்டப் பிரிவுகளைச் சொன்னாள், சர்டிபிகேட் உடனே வந்தது. நாக்கு மலையாளமாகிப் போனதே என்று அவளைக் குறை சொல்வதை அன்றோடு விட்டேன்.

கோர்ட்டில் வழக்கமாக நான் நிற்கும் இடத்தை விட்டு மூன்றடி தள்ளி நிற்க வேண்டியிருந்தது. பெஞ்ச் கிளார்க்குக்கு என்னைத் தெரியும், மொழிபெயர்ப்புக்கா என்று கேட்டார். ஜாமியக்காரன், அதாவது பிணையாளர், என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். நீதிபதி என்னைச் சத்தியம் செய்யச் சொல்லிவிட்டு, இந்த ஊரில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது வருஷம் என்றேன். நிரந்தரமாக இங்கேதானே, திரும்பிப் போகிற உத்தேசம் உண்டா என்றார். நாக்கின் நுனியில் வெளியூர்க்காரன் என்ற சொல் வழக்கம்போல வந்து நின்றது. சுகுமாரன் பக்கத்தில் நின்று என் விலாவில் இடித்தார்.

இல்லை, நான் இந்த ஊர்க்காரன் என்றேன்.

முளகுகட வீட்டில் ஆறுமுகம், உள்ளூர்வாசி என்று எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே இசக்கிமுத்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். வாசலில் சப்பாத்தி வாங்கப் பெரிய வரிசை நின்றது. வேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, வேண்டாம் என்றார். அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நான் போய்த் தள்ளி நின்றுகொண்டேன்.

கமிட்டிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பத்தி இன்னதில் கைதிக்குத் தெரியவில்லை என்று உள்ளது தவறு, தெரிந்துகொண்டே மறைத்தது மொழிபெயர்த்தவன், திருத்திக்கொள்ளவும் என்று. பதில் வந்துவிட்டது. தங்கள் ஆலோசனைக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருக்கிறது. ஆலோசனை எதையும் நான் சொன்னதாக நினைவில்லை.

ஆசிரியருக்கு: இந்தக் குறிப்பை ‘கடல் கடந்த நம்மவர்’ பகுதியில் போட வேண்டாம். நான் இந்த ஊர்க்காரன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறேன், அச்சில் வேறு மாதிரி வந்தால் வம்பு. அந்தப் பகுதிக்கு ஆள் வேண்டுமென்றால் இசக்கிமுத்துவைக் கேளுங்கள். என் கடையில் மூட்டைக்கு விலாசம் எழுதுகிறார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கேஸ் முடியும்வரை ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆர்டர். கேஸுக்கு இன்னும் தேதி போடவில்லை. புளியங்குடி பஸ் தம்பானூரிலிருந்து தினமும் காலையில் புறப்படுகிறது. கடைக்கு வரும் வழியில் அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.